6 பரப்புக் காணியும் 11 ஆண்டுக் கிடப்பும்

“வழக்காளி இல்லை. நடவடிக்கை எதுவும் எடுக்கப்படவில்லை. வழக்கு கிடப்பில் இடப்படுகிறது.”

எங்கள் காணி வழக்கின் வழக்கேட்டில் (நீதிமன்றக் கோப்பில்) 2007இல் எழுதப்பட்ட இந்தக் குறிப்பை நாங்கள் 2018இல்தான் வாசித்தோம். இடைப்பட்ட பதினொரு ஆண்டுகளும், வழக்கு நடந்துகொண்டிருக்கிறது என்றே அம்மா நினைத்திருந்தார். காணி என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டால், “அது கோட்டில் கிடக்கிறது” என்பார். கோடு என்றால் நீதிமன்றம். அது எவ்வளவு சரியான சொல் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இதை எழுதக் காரணம், இதே நிலையில் இருக்கும் இரண்டு குடும்பங்கள் என்னிடம் வந்து, “உங்கள் புது லோயர் யார்?” என்று கேட்டதுதான். வழக்கை நகர்த்தியது ஒரு பெயர் என்று அவர்கள் நினைக்கிறார்கள். நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்துக் காசையும் ஐந்து வருடத்தையும் தொலைத்தோம். ஆகவே பெயர்களை விட்டுவிட்டு, நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

காணியும் வழக்கும்

காணி கோண்டாவிலில், ஒரு ஒழுங்கையின் கடைசியில் இருக்கிறது. 6 பரப்பு, வரகுக் கணக்கில். யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்காக: வரகுக் கணக்கில் ஒரு பரப்பு 18 குழி, அதாவது 10 பேர்ச். நெல்லுக் கணக்கில் ஒரு பரப்பு 12 குழிதான். உறுதியில் எந்தக் கணக்கு என்று பாராமல் பரப்பை மட்டும் வாசித்துவிட்டு வேலியில் நின்று சண்டை பிடிப்பவர்கள் எங்கள் ஊரில் இன்னமும் உண்டு.

அம்மப்பா உயிரோடு இருந்தபோதே நான்கு பிள்ளைகளுக்கும் எழுதிவிட்டார். பெரியமாமாவுக்கும் சின்னமாமாவுக்கும் நன்கொடை உறுதி, பெரியம்மாவுக்கும் அம்மாவுக்கும் சீதன உறுதி. நான்கிலும் ஒரே வாசகம்: பிரிபடாத நாலிலொரு பங்கு, வான்பயிர் செய்பயிர், கிணற்றில் தண்ணீர் அள்ளும் உரிமை, வழி வாய்க்கால் உரிமை. “சீதனம் வாங்கிய பெண்ணுக்கு முதுசத்தில் என்ன பங்கு?” என்று யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையைத் தூக்கிக்கொண்டு வரும் சண்டை இதனால் எங்களுக்கு இல்லாமல் போயிற்று. அம்மப்பா செய்த பெரிய உதவி அது. செய்யாத உதவி ஒன்றும் உண்டு: ஆளுக்கு ஒன்றரைப் பரப்பு, 27 குழி என்பது தெரியும், எந்த ஒன்றரை என்பதை எந்த உறுதியும் சொல்லவில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே எழுந்து நடந்தபோது, அம்மா அந்தச் சீதன உறுதியைப் பிஸ்கட் பேணி ஒன்றுக்குள் சுருட்டி வைத்து, நாவற்குழிப் பாலம் தாண்டிச் சாவகச்சேரிக்குக் கொண்டுபோனார். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது பெரியமாமாதான் முதலில் காணிக்குள் போனார். கூரை இல்லாத வீட்டைத் திருத்தி, முன்பக்கத்தில் இருந்துகொண்டார். அதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. யாராவது ஒருவர் இருந்தால்தான் காணி காணியாக இருக்கும் என்ற காலம் அது.

2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்ததும் சின்னமாமா டொரன்டோவிலிருந்து வந்தார். பங்கு பிரிப்பது பற்றிப் பேச்சு வந்தது. கிணறு யார் பக்கம் என்ற இடத்தில் பேச்சு முறிந்தது. அடுத்த ஆண்டு பெரியமாமா யாழ்ப்பாணம் மாவட்ட நீதிமன்றத்தில் பங்கு வழக்கு, அதாவது பொதுக் காணியைப் பங்குக்காரருக்குப் பிரித்துத் தரக் கேட்கும் வழக்குப் போட்டார். அவர் வழக்காளி, பெரியம்மா 1ஆம் எதிராளி, அம்மா 2ஆம் எதிராளி, சின்னமாமா 3ஆம் எதிராளி.

2004இல் நீதிமன்றம் அனுப்பிய நில அளவையாளர் வந்து அளந்து, கிணறு, வீடு, 11 பனை, 4 தென்னை எல்லாவற்றையும் படத்தில் போட்டு அறிக்கை கொடுத்தார். 2005இல் எல்லோரும் உரிமைக் கோரிக்கைகளை அணைத்தார்கள், அதாவது நீதிமன்றத்தில் கொடுத்துக் கோப்பில் சேர்த்தார்கள். 2006 தொடக்கத்தில் பெரியம்மா காலமானார். அந்த ஓகஸ்டில் முகமாலையில் சண்டை தொடங்கி ஏ9 மூடப்பட்டது. குடாநாட்டில் ஊரடங்கு, சீனிக்கும் மாவுக்கும் வரிசை. அந்த வருடத்தில் வழக்கைப் பற்றி நினைத்தவர் யாரும் எங்கள் குடும்பத்தில் இல்லை. 2007இல், மேலே நான் எழுதிய அந்த மூன்று வாக்கியங்கள்.

நாங்கள் நம்பியவை

வழக்கு ஏன் நகரவில்லை என்பதற்கு எங்கள் வீட்டில் இரண்டு விளக்கங்கள் இருந்தன. ஒன்று: வழக்குப் போட்டவர் பெரியமாமா, முழுக் காணியையும் அவரே ஆண்டு அனுபவிக்கும்போது வழக்கை ஏன் முடிக்கப் போகிறார்? இரண்டு: பெரியம்மாவின் ஐந்து பிள்ளைகளில் இருவர் கனடாவில், இருவர் பிரான்ஸில், ஒருத்தி மானிப்பாயில். மூன்று நாடுகளிலும் கையொப்பம் வாங்கித் தூதரகங்களில் அத்தாட்சி எடுத்து வந்தால்தான் செத்தவரின் இடத்துக்கு ஆட்களைப் போட முடியும். அது நடக்கிற காரியமா?

இரண்டும் கேட்பதற்கு நியாயமாக இருந்தன. அதனால்தான் ஆபத்தாகவும் இருந்தன. யாரும் போய்ச் சரி பார்க்கவில்லை. அம்மாவைச் சந்தையில் கண்ட நேரங்களில் பழைய சட்டத்தரணியின் கிளாக்கர், “தவணை ஒன்றும் வரவில்லை அம்மா, வந்தால் சொல்லுவோம்” என்பார். பொய் இல்லை. கிடப்பில் உள்ள வழக்குக்குத் தவணை, அதாவது விசாரணைத் திகதி, எப்படி வரும்?

முதல் மாற்றம், வீணாகப் போனது

2012இல் இலண்டனில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணா, கொழும்பில் ஒரு பெரிய அப்புக்காத்தைப் பிடித்துத் தந்தார். அம்மாவின் தலைமுறை இன்னமும் அப்புக்காத்து (வாதாடுபவர்), பிறக்கிராசி (பத்திர வேலை பார்ப்பவர்) என்று பிரித்துத்தான் பேசும். 1974இல் சட்டம் இரண்டு வகையினரையும் ஒன்றாக்கி எல்லோரையும் சட்டத்தரணிகள் ஆக்கிவிட்டது. ஆனாலும் நடைமுறையில் வேலை இரண்டாகத்தான் கிடக்கிறது. கட்சிக்காரரிடம் புறொக்சி (தனக்காகச் செயற்பட எழுத்தில் கொடுக்கும் நியமனம்) வாங்கி, நீதிமன்றத்தில் தன் பெயரைப் பதிந்து, பத்திரங்களில் கையொப்பமிடுபவர் ஒருவர். எழுந்து நின்று வாதாடுபவர் இன்னொருவர். இந்த வேறுபாடு எங்களுக்குத் தெரிந்திருந்தால் ஒரு தொகைக் காசு மிஞ்சியிருக்கும்.

பெரியவர் வரவில்லை, இளையவர் ஒருவரை அனுப்பினார். அவர் வழக்கை மீண்டும் கூப்பிடும்படி ஒரு நகர்த்தல் பத்திரம் எழுதி, தானே கையொப்பமிட்டு அணைத்தார். நாங்கள் காத்திருந்தோம். அந்தப் பத்திரத்துக்கு என்ன நடந்தது என்பதும் 2018இல் வழக்கேட்டை வாசித்தபோதுதான் தெரிந்தது. 2013ஆம் ஆண்டுக்கு ஒரேயொரு குறிப்பு: 2ஆம் எதிராளிக்கு ஏற்கெனவே பதிவுசெய்யப்பட்ட சட்டத்தரணி இருக்கிறார், வேறொருவர் கையொப்பமிட்ட பத்திரம் நிராகரிக்கப்படுகிறது.

குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 27ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஒரு தடவை அணைத்த புறொக்சி, நீதிமன்றத்தின் அனுமதியோடும் பழைய சட்டத்தரணிக்கு அறிவித்தல் கொடுத்தும் எழுத்தில் இரத்துச் செய்யப்படும் வரை செல்லுபடியாகும். இல்லையென்றால் கட்சிக்காரரோ சட்டத்தரணியோ சாக வேண்டும், அல்லது அந்தச் சட்டத்தரணி தொழில் செய்ய முடியாதவராக வேண்டும், அல்லது வழக்கே முடிய வேண்டும். புதியவருக்குக் காசு கொடுத்துவிட்டால் பழையவர் தானாகவே விலகிவிடுவார் என்பது எங்கள் கற்பனை. நீதிமன்றத்தைப் பொறுத்தவரை நாங்கள் ஆளை மாற்றவே இல்லை.

ஏன் முறைப்படி மாற்றவில்லை? வெட்கம். பழைய சட்டத்தரணி ஐயா அம்மப்பாவுக்குத் தெரிந்தவர், எங்கள் வீட்டுக் கலியாணங்களுக்கு வந்தவர். “அவரின் முகத்தில் எப்படி முழிப்பது?” என்று அம்மா சொல்லிச் சொல்லியே காலம் போயிற்று. கொழும்புக்குக் காசு அனுப்புவது அந்தச் சங்கடத்தை விட எங்களுக்குச் சுலபமாக இருந்தது.

வழக்கேட்டை வாசித்த இரவு

2018இல் என்னோடு படிப்பிக்கும் ஓர் ஆசிரியை தன் தங்கை முறையான சட்டத்தரணியிடம் கூட்டிச் சென்றார். வயது முப்பத்தைந்து இருக்கும். நான் கதையைத் தொடங்கி, பெரியமாமாவின் குணநலன்களில் நின்றபோது அவர் கையைக் காட்டி நிறுத்தினார். “அக்கா, கதை பிறகு. முதலில் வழக்கேட்டின் உறுதிப்படுத்திய பிரதியை முழுதாக எடுத்து வாருங்கள். அதை வாசித்த பிறகுதான் இந்த வழக்கை எடுப்பேனா இல்லையா என்று சொல்வேன்.” கட்டணம் பற்றி அன்று ஒரு சொல்லும் இல்லை.

பிரதி கிடைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. பழைய இலக்கமிட்ட கோப்பைப் பதிவறையிலிருந்து தேடி எடுக்க வேண்டும். எடுத்தால் ஒரு மூலையைக் கறையான் தின்றிருந்தது. நல்ல காலம், தின்றது அட்டையை. பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று இரவு ஒன்பது மணிக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

“அக்கா, உங்கள் பெரியம்மா 2005இல் உரிமைக் கோரிக்கையோடு இன்னொரு பத்திரமும் அணைத்திருக்கிறாரே, அதைப் பற்றி உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது.

1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பங்குச் சட்டத்தில் 81ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. 1997இல் அதைத் திருத்தினார்கள். பங்கு வழக்குகள் ஆட்களின் ஆயுளை விட நீளமானவை என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட இடம் அது என்று நான் நினைக்கிறேன். வழக்கு நடக்கும்போது நான் இறந்துபோனால் எனக்குப் பதிலாக இன்னார் நிற்பார் என்று, ஒருவர் முதல் மூன்று பேர் வரை, விருப்ப ஒழுங்கில் பெயர் எழுதி, ஒவ்வொரு கட்சிக்காரரும் ஒரு பத்திரம் அணைக்க வேண்டும். பெரியம்மா அணைத்திருந்தார். முதல் பெயர் மானிப்பாயில் இருக்கும் மகள். அவரின் சம்மதக் கையொப்பம் வரை அதில் இருந்தது.

கனடாவும் பிரான்ஸும் தேவையே இல்லை. கோண்டாவிலிலிருந்து மானிப்பாய்க்குச் சைக்கிளில் போகலாம். நாங்கள் 11 வருடம் மலை என்று பார்த்துக்கொண்டிருந்தது ஒரு தாள். அதுவும் ஏற்கெனவே கோப்புக்குள் இருந்த தாள். அந்த மானிப்பாய் அக்காவிடம் கேட்டபோது, “ஓம், அம்மா ஏதோ கையொப்பம் வைக்கச் சொன்னா, வைத்தேன்” என்றார். என்ன கையொப்பம் என்று அவரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை.

இந்த நிகழ்வு முழுவதிலும் என் மனத்தில் நிற்பது இந்த ஒரு இடம்தான். வழக்குத் தேங்குவது என்பதை நாங்கள் ஏதோ காலநிலை போலப் பேசினோம். உண்மையில் அது ஒரு குறிப்பிட்ட படியில், ஒரு குறிப்பிட்ட நாளில் நின்றது. “பெரியம்மாவுக்குப் பதிலாள் சேர்க்கவும்” என்ற படி. அதைச் செய்ய வேண்டியவர் வழக்காளி. அவர் வரவில்லை. கோப்பைத் திறந்து அந்தப் படியைத் தேடிய முதல் ஆள் இந்தப் பெண்.

பழைய ஐயாவின் வீட்டில்

புறொக்சியை இரத்துச் செய்ய அறிவித்தல் தபாலிலும் அனுப்பலாம். புது சட்டத்தரணி, தபால் வேண்டாம் என்றார். “அம்மாவைக் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். ஐயா கையொப்பமிட்டுத் தந்தால் ஒரு தவணை மிச்சம். கோப்பையும் கேட்டு வாங்குங்கள்.”

ஐயாவுக்கு எண்பது தாண்டியிருந்தது. சாய்மனைக் கதிரையில் இருந்தார். அம்மா நெளிந்து நெளிந்து விஷயத்தைச் சொன்னார். ஐயா கோபிக்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

“பிள்ளை, உங்கள் அம்மா என்னிடம் கடைசியாக வந்தது பெரியம்மாவின் அந்திரட்டி முடிந்த கிழமை. அதற்குப் பிறகு உங்களில் ஒருவரும் இந்தப் படி ஏறவில்லை. நான் யாரிடம் கேட்டு எதைச் செய்வது?”

அம்மா நிலத்தைப் பார்த்தார். ஐயா சொன்னது சரி. ஒரு கடிதமாவது எழுதியிருக்கலாமே என்று நான் நினைத்ததும் சரி. இரண்டையும் அங்கே பேசவில்லை. கையொப்பமிட்டார், உள்ளே சொல்லி, நாடா கட்டிய ஒரு கட்டை எடுத்துவரச் செய்தார். அதற்குள், பேணியில் சாவகச்சேரி வரை போய்வந்த அந்தச் சீதன உறுதி, சுருண்டபடியே இருந்தது. 2005இல் கொடுத்ததை அம்மா மறந்தே போயிருந்தார். வீட்டில் தொலைந்துவிட்டது என்று அலுமாரியை எத்தனை தரம் கவிழ்த்திருப்போம்.

எதிராளி வழக்காளி ஆவது

இனிப் பெரியமாமா. அவர் நடத்தாவிட்டால் வழக்கு நடக்காது என்பதுதான் எங்கள் மற்ற விளக்கம். புது சட்டத்தரணியும், அவர் சேர்த்துக்கொண்ட மூத்த சட்டத்தரணியும் 70ஆம் பிரிவைக் காட்டினார்கள்.

மற்ற வழக்குகளில் வழக்காளி கைவிட்டால் வழக்கு அற்றுப்போகும். பங்கு வழக்கு அப்படி அல்ல. நடத்தாமல் விட்டது ஒன்றாலேயே அது அற்றுப்போகாது. நீதிமன்றம் கட்சிக்காரர்களைத் தூண்டிப் பார்த்தும் ஒருவரும் அக்கறை காட்டாவிட்டால் தள்ளுபடி செய்யலாம். ஆனால் அதே பிரிவின் காப்பு வாசகம், வழக்காளி நடத்தத் தவறினால் எந்த எதிராளியையும் வழக்காளியின் இடத்தில் வைத்து வழக்கைக் கொண்டுபோக நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்கிறது. பங்கு வழக்கில் ஒருவர் மற்றவரிடம் எதையும் பறிக்கவில்லை. எல்லோரும் தத்தம் பங்கைத்தான் கேட்கிறார்கள். யார் வண்டியை ஓட்டுவது என்பது மட்டுமே கேள்வி. இதை ஒருவர் 2007இல் எங்களுக்குச் சொல்லியிருந்தால்!

2018 இறுதியில் புறொக்சி மாற்றம் பதிவாயிற்று. அடுத்து நகர்த்தல் பத்திரம், அம்மாவின் சத்தியக்கடதாசி, எல்லோருக்கும் நீதிமன்ற அலுவலரான பிஸ்கால் மூலம் அறிவித்தல். நீதிபதி உடனே அம்மாவை வழக்காளி ஆக்கிவிடவில்லை. பெரியமாமாவுக்கு முதலில் சந்தர்ப்பம் கொடுத்தார்: நடத்தப் போகிறீரா? இரண்டு தவணை. முதல் தவணைக்கு மாமா வந்து ஓம் என்றார், இரண்டாவதுக்கு வரவில்லை. மூன்றாவது தவணையில் கட்டளை கிடைத்தது. நீதிமன்ற முதலியார் பெயர்களைப் புதிய ஒழுங்கில் வாசித்தபோது அம்மாவின் பெயர் முதலாவதாக வந்தது. வெளியே வந்த அம்மாவின் முதல் கேள்வி: “அப்படியென்றால் நான் அண்ணாவுக்கு எதிராக வழக்குப் போட்டவளா?” இல்லை என்று விளங்கப்படுத்த ஆட்டோ கோண்டாவில் சந்திக்கு வரும் வரை பிடித்தது. முழுதாக நம்பினாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பிறகு 2020இல் கொரோனா. நீதிமன்றங்கள் மூடித் திறந்து மூடின. அதைப் பற்றி எழுத எதுவும் இல்லை. ஒன்றைத் தவிர: இந்த முறை ஒவ்வொரு ஒத்திவைப்புக்கும் ஒரு அடுத்த திகதி இருந்தது. முடக்கம் முடிந்ததும் அந்தத் திகதியைப் பிடித்துக்கொண்டு போக முடிந்தது. முன்பு எங்களிடம் இல்லாதது அதுதான்.

இரண்டு குறுக்குச் சுவர்கள்

ஒன்று சின்னமாமா கட்டியது. 2015இல் ஊருக்கு வந்தவர், யாருக்கும் சொல்லாமல் தன் பிரிபடாத பங்கைப் பக்கத்துக் காணிக்காரருக்கு அறுதியாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வாங்கியவர் வேலியைப் பிடுங்கி, ஒரு மூலையில் மதிலும் கட்டிவிட்டார். 2019இல் அவர் நீதிமன்றத்துக்கு வந்து தன்னையும் சேர்க்கக் கேட்டபோது நாங்கள் அதிர்ந்துபோனோம். மூத்த சட்டத்தரணி அதிரவில்லை. காணிப் பதிவகத்துக்குப் போய் உரிய பக்கத்தின் பிரதியை எடுத்துவரச் சொன்னார்.

சட்டத்தரணிகள் லிஸ் பென்டன்ஸ் என்று சொல்லும் பதிவு அதில் இருக்கிறதா, அதுவும் சரியான பக்கத்தில் இருக்கிறதா என்பதே கேள்வி. இந்தக் காணி மீது வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று ஊருக்கு அறிவிக்கும் பதிவு அது. இருந்தது. 2003இல் பெரியமாமாவின் சட்டத்தரணி ஒழுங்காகச் செய்திருந்தார். பங்குச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்படி அந்தப் பதிவுக்குப் பிறகு, வழக்கு முடியும் வரை, பிரிபடாத பங்கை விற்கும் உறுதி செல்லாது. வழக்கின் முடிவில் தனக்குக் கிடைக்கப் போவதை ஒருவர் விற்கலாம் என்று பழைய தீர்ப்புகள் இடம் கொடுக்கின்றன. ஆனால் அதை உறுதியின் வாசகம் சொல்ல வேண்டும். சின்னமாமாவின் உறுதி இன்றைய பங்கையே விற்றிருந்தது. வழக்குக் கிடப்பில் கிடந்தாலும் உயிரோடுதான் கிடந்தது என்பதற்கு இதை விட வேறு சாட்சி தேவையில்லை. வாங்கியவருக்கும் சின்னமாமாவுக்கும் இடையிலான கணக்கு இனி அவர்கள் பாடு. அது தனி வழக்காக வரும்போல்தான் இருக்கிறது.

மற்றச் சுவரைப் பெரியமாமாவின் கூட்டாளிகள் கட்டினார்கள். “பத்து வருடத்துக்கு மேல் ஆண்டுவிட்டாய், முழுக் காணியும் உன்னுடையது” என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். திண்ணைச் சட்டத்தில் இது மிகவும் பிரபலமானது. ஆனால் கூட்டுச் சொந்தக்காரர் ஒருவரின் ஆட்சி எல்லோருக்குமான ஆட்சிதான். மற்றவர்களை வெளியேற்றியதாக வெளிப்படையான செயல் இல்லாமல் அவர் தனிச் சொந்தக்காரர் ஆக முடியாது. அன்று இலங்கையின் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவிக் கவுன்சில் 1911இல், கொரியா எதிர் ஈசெரிஸ் அப்புஹாமி வழக்கில் சொன்னது. இன்றும் இலங்கை நீதிமன்றங்கள் எடுத்துக்காட்டுவது. அதை விட, 2003இல் தன் வழக்குரையில் “நாங்கள் நால்வரும் நாலிலொரு பங்குக்காரர்” என்று எழுதிக் கொடுத்தவரே மாமாதான். குறுக்கு விசாரணையில் அந்தப் பந்தியை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அத்தோடு அந்த வாதம் முடிந்தது.

தீர்ப்பும் அளவையும்

நால்வரும் ஒப்புக்கொண்டால் நீதிபதி உடனே எழுதிக் கொடுத்துவிடுவார் என்று நினைத்தோம். பங்கு வழக்கில் அது நடக்காது. கட்சிக்காரர் ஒத்துக்கொண்டாலும் இல்லாவிட்டாலும், உரித்து எங்கிருந்து வருகிறது என்று நீதிமன்றம் தானே தேடிப் பார்க்க வேண்டும். ஏனென்றால் இறுதியில் வரும் தீர்ப்பாணை கட்சிக்காரரை மட்டுமல்ல, உலகத்தையே கட்டும். அம்மா சாட்சிக்கூண்டில் ஏறி, அம்மப்பாவின் உறுதி முதல் தன் உறுதி வரை சொன்னார். அம்மப்பாவின் மூல உறுதி இடப்பெயர்வில் போய்விட்டது; காணிப் பதிவகத்தில் இருந்த பிரதி கைகொடுத்தது. 2023இல் இடைநிலைத் தீர்ப்பாணை: ஆளுக்கு நாலில் ஒன்று.

அதன்பின் இறுதி அளவை. பங்குச் சட்டம் நில அளவையாளரின் வருகையைப் பறை அறைந்து அறிவிக்கச் சொல்கிறது. அன்று காலை ஒழுங்கையில் ஒருவர் பறையோடு வந்து நான்கு தட்டுத் தட்டியதும், சிறுவர்கள் எல்லாம் ஏதோ கோயில் காரியம் என்று ஓடி வந்தார்கள். 2004இன் படத்தில் இருந்த 11 பனையில் 7 எஞ்சியிருந்தன. கிழக்கு வேலி உள்ளே நகர்ந்திருந்தது; கிளுவைக் கதியால்கள் நின்ற பழைய இடத்தைப் பெரியமாமாவே காலால் மண்ணைக் கீறிக் காட்டினார். எதற்கெடுத்தாலும் முரண்டு பிடித்த மனிதர், அந்த எல்லையில் மட்டும் எங்கள் எல்லோருக்காகவும் நின்றார். மாமா திருத்திய வீடு அவரின் துண்டுக்குள் வரும்படி அளவையாளர் கோடு போட்டார். கிணறும் அதற்குப் போகும் வழியும் நால்வருக்கும் பொது. 2002இல் பேச்சு முறிந்த கிணறு.

மதியம் எல்லோருக்கும் மாமி தேநீர் கொடுத்தார். மாமா எழுந்து உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்தார். அதற்குள் மங்கிப்போன ஒரு பற்றுச்சீட்டு: 2004இன் முதல் அளவைக்கு நீதிமன்றத்தில் கட்டிய காசு.

“நாலு பேருக்கும் சேர்த்து நான் ஒருவன்தான் கட்டினேன்,” என்றார் அம்மாவிடம். “அதற்குப் பிறகு லோயருக்கும் நான்தான். நீங்கள் ஒருவரும் எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை. பிறகு ஏன் நான் ஒருவனே ஓடித்திரிய வேண்டும்?”

எங்கள் வீட்டில் பதினொரு வருடமாக இருந்த முதலாவது விளக்கத்தில் இந்தச் சீட்டு இல்லை. அம்மா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பங்கு வழக்கில் பொதுச் செலவு பங்கு வீதத்தில் எல்லோர் தலையிலும் விழும். இதையும் செலவுக் கணக்கில் சேர்க்கக் கேட்கலாம் என்று எங்கள் சட்டத்தரணி சொல்லி, கைப்பேசியில் அதைப் படம் எடுத்துக்கொண்டார். அம்மா கைப்பையைத் திறந்து தன் காற்பங்கை எண்ணத் தொடங்கினார்.

மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “இப்போது வேண்டாம் தங்கச்சி. கோடு சொல்லட்டும்.”